நான் பாடாத எங்கள் முதல் கசற்

எங்கள் குழுவின் முதல் பாட்டுக் கசற் வெளிவந்தபோது கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் வரும். பல நாள் கழித்து எங்கள் பேஸ் கிற்றார்காரன் அதைக் காட்டி, வாசித்துப் பொருள் சொன்னான். மட்டக்களப்பு இளைஞர்கள் சிலர் ஹார்ட் ரொக் இசையை அதன் பழைய, அசலான ஒலியில் வாசித்திருக்கிறார்களாம். புதுப் பளபளப்புக்கு மயங்காமல் அந்த ஒலியைத் தேர்ந்தெடுத்தது பாராட்டுக்குரியதாம்.

"தேர்ந்தெடுத்தமாம், கேட்டியா?" என்று அவன் சிரித்தான்.

தேர்ந்தெடுக்க எங்களிடம் என்ன இருந்தது? கிற்றார்காரனின் மாமா அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை விட்டுப் போயிருந்தார். அதில் மிகப் புதிய தட்டுக்கே எங்களைவிட வயது கூட. அதற்குப் பிறகு உலகத்தில் யார் எப்படி வாசித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பாதை மூடிக் கிடந்தது, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது, சண்டை தொடங்கினால் பேப்பர்கூட வராது. எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு பெட்டிதான். அது எங்கள் வறுமை. கொழும்பில் இருந்தவர் அதைப் பாணி என்று எழுதிவிட்டார்.

நாங்கள் நாலு பேர். கிற்றார்காரன் மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பொடியன், தச்சு வேலை செய்கிற குடும்பம். அவர்களின் கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் இல்லாமல் ஆட்டம் கிடையாது என்பதால், உளி பிடிப்பதற்கு முன்பே அவன் கையில் கிற்றார் இருந்தது. டிரம்ஸ் அடித்தவன் அவனுடைய சித்தப்பா மகன். பேஸ் கிற்றார்காரன் காத்தான்குடி. வாப்பா புடவைக்கடை வைத்திருந்தார். மகன் பின்னேரங்களில் இங்கிலீஷ் கிளாசுக்குப் போவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். அந்தக் கரை அப்போது இயக்கப் போராளிகளின் கையில் இருந்தது. பாட்டு எழுதுவதும் பாடுவதும் என் வேலை.

பயிற்சி தச்சுப் பட்டறையில் நடக்கும். வாடகை ஜெனரேற்றரைப் பின்பக்கம் வைத்து இயக்கிவிட்டு, மரத்தூளுக்குள் நின்று வாசிப்போம். அயல்வீட்டுக்காரர் ஒருவர் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"தம்பிமாரே, ஒண்டு சொல்லட்டா? ஷெல் அடிக்கக்குள்ளயும் அவனுகள் இடைக்கிடை நிப்பாட்டுறவனுகள்."

"அங்கிள், இது ரொக்" என்றான் டிரம்ஸ்காரன்.

"என்ன கொக்கோ எனக்குத் தெரியா. பிள்ளை தொட்டிலில கிடந்து துள்ளுது. அந்தத் தகரத்த மட்டும் கொஞ்சம் பாத்து அடி மனே."

என் அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. மற்றவர்களின் வட்டையில், அதாவது அவர்களின் வயல்வெளியில், அப்பா விதைத்து வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு ஏ. அந்த ஏ என்ற எழுத்தை மட்டும் அப்பாவுக்கு அடையாளம் தெரியும். பெறுபேற்றுத் தாளைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, யாராவது வந்தால் எடுத்து, விரலை நேரே அந்த எழுத்தில் வைப்பார். ஆனாலும் நான் படித்த எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை. என் கட்டுரை பாடசாலை மலரில் வந்தபோது மலரை வாங்கித் தடவிப் பார்த்தார், மணந்து பார்த்தார், திருப்பித் தந்துவிட்டார்.

கசற் போடப்போகிறோம் என்று நான் சொன்ன அன்று அவர் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாட்டுப் பாடினா என்ன வரும் மனே?"

"கசற் வரும் அப்பா."

"கசற்றில?"

"என்ர குரல் வரும். கடையில வெச்சு விப்பாங்க. நீங்க இஞ்ச இருந்துகொண்டே கேக்கலாம்."

கால் கழுவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அப்ப சரி. புத்தகம் எண்டா எனக்கென்ன தெரியப்போகுது. குரல் எண்டா கேக்கலாம்தானே."

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு தடவையாவது கேட்பார், "வந்திட்டா?" என்று. எனக்கு அந்தக் கசற்றில் பெரிய புகழ் ஆசை எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அப்பா ஒரு தடவை கேட்க வேண்டும், அதுதான். நான் இவ்வளவு காலம் பள்ளிக்கூடம் போனதில் அவருடைய பங்கென்று கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

ஹார்ட் ரொக்கில் கிற்றாரின் ஒலி உடைய வேண்டும். கம்பியின் ஒலியை முறுக்கி, பிய்த்து, கரகரவென்று வெளியே தள்ள ஒரு சின்னக் கருவி இருக்கிறது, காலால் அமத்திப் போடுவது. இசைத்தட்டில் அந்த ஒலியைக் கேட்டோம். அந்தக் கருவியை யாரும் கண்டதில்லை. மட்டக்களப்பில் எந்தக் கடையிலும் இல்லை. நான் பௌதிகவியல் படித்தவன் அல்லவா, செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து இரண்டு ட்ரான்சிஸ்ரரைக் கழற்றினேன். கட்டில் விளக்கின் சுவிட்ச் ஒன்று கிடைத்தது. ஒரு சதுரப் பற்றரி. இதையெல்லாம் வைத்துப் பூட்டப் பெட்டி தேவைப்பட்டது. பாடசாலையில் கேத்திரகணிதத்துக்குக் கொண்டுபோன என் கொம்பாஸ் பெட்டி, அந்தத் தகரப் பெட்டி, இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் ஈயத்தால் ஒட்டி இரண்டு பக்கமும் துளை போட்டேன்.

முதல் தடவை கிற்றார்காரன் அதைக் காலால் அமத்தி ஒரு கம்பியைத் தட்டினான். பட்டறைச் சுவரில் சாய்த்திருந்த பலகைகள் அதிர்ந்தன. அவன் என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அது.

கொழும்பில் ஒரு ஸ்ரூடியோக்காரர் எங்களுக்கு நாள் ஒதுக்கித் தந்தார். வேறொரு குழு வராமல் விட்ட நாட்கள் அவை, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. பேஸ் கிற்றார்காரன் கடைக்குச் சரக்கெடுக்கப் போவதாக வாப்பாவிடம் சொல்லி, வாப்பா எழுதிக் கொடுத்த துணி வகைகளையும் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்தான். அம்ப்ளிபயரும் டிரம்ஸும் அங்கேயே இருந்தன. கிற்றார்கள் மட்டும் வர வேண்டும். அதோடு என் பெட்டி.

"பெட்டிய நான் கிற்றாரோட வெக்கட்டா?" என்று பஸ்சில் ஏறுவதற்கு முன் கிற்றார்காரன் கேட்டான்.

"வேணாம். உறைக்குள்ள வெச்சா வயர் அறுந்திரும். நான் மடியில வெச்சிட்டு வாறன்."

"பற்றரியையாவது கழட்டன்டா."

"கழட்டினா திருப்பி ஒட்ட ஈயம் ஆர் தாற? ஸ்ரூடியோவில போய் இரும்பு சூடாக்கி ஒட்டிக்கொண்டா இரிக்கிற?"

அவன் விட்டுவிட்டான். உண்மையில் அந்த ஒட்டுகள் அவ்வளவு பலமில்லை. நான்கு பேரிலும் யாரும் அந்தப் பெட்டியை வெளியாள் ஒருவரின் கண்ணால் பார்க்கவில்லை. எங்களுக்கு அது ஒரு ஒலி. மாதக்கணக்காக அந்த ஒலியோடு கிடந்ததில், அது பார்வைக்கு என்ன மாதிரி இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. பற்றரி, வயர், சுவிட்ச், மூடிய தகரப் பெட்டி. யுத்தம் நடக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த நாங்கள் அதை மறந்தோம் என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பொலனறுவைக்குப் போகும் பாதையில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து மேசையில் வைத்துத் திறந்து காட்ட வேண்டும். என் பையைத் திறந்த சிப்பாய் என்னைவிடச் சின்னவன். பெட்டியை எடுத்தான், மூடியைத் திறந்தான், உடனே கையை எடுத்துவிட்டுப் பின்னால் பாய்ந்தான். அதற்குப் பிறகு எல்லாமே சத்தம்தான். நான் முழங்காலில் இருந்தேன், கைகள் தலைக்கு மேல். பஸ்சில் வந்தவர்கள் தூரத்தில் மண் அணைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

அதிகாரி ஒருவர் வந்தார். பெட்டியின் ஓரத்தில் இருந்த துளையைப் பார்த்தார், பிறகு வரிசையில் கிற்றாரோடு நின்றவனைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். கிற்றார்காரனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார். கிற்றார்காரனுக்குச் சிங்களம் நன்றாக வரும். அவனுடைய போர்த்துக்கேயப் பெயரைப் படித்ததும் சிப்பாய்களின் குரல் கொஞ்சம் தணிந்ததை நான் கவனித்தேன். என் அடையாள அட்டையில் இருந்தது வவுணதீவு.

இவனைத் தெரியுமா என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

"தன்னே நே" என்றான்.

தெரியாது என்று பொருள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதுவும் ஒன்று. சோதனைச்சாவடிகளில் நாங்கள் எல்லோரும் அதிகம் பேசிய சிங்களம் அதுதான். ஆமி எதைக் கேட்டாலும் தன்னே நே. அவன் என் பக்கம் திரும்பவில்லை. மற்ற இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. பஸ் போனது. என்னை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

முகாமில் நடந்த மற்றவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாளே ரேடியோ வேலை தெரிந்த சிப்பாய் ஒருவன் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கிற்றாருக்குப் பூட்டுகிற சாமான் என்று சொல்லிவிட்டான். ஓரளவு தமிழ் தெரிந்த ஒருவர் அதை எனக்கும் சொன்னார். ஆனால் அதற்குள் அறிக்கை மேலே போய்விட்டது. மேலே போன தாள் கீழே வரும்வரை ஆள் இருக்க வேண்டும். எல்லோரும் அதை மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார்கள். என் பாட்டைப் பற்றி அறிந்ததும் காவலுக்கு நின்றவர்கள் பொழுதுபோகாத நேரம் பாடச் சொன்னார்கள். பாடினேன். வேறென்ன செய்ய? கசற்றில் வரவேண்டிய பாட்டுகள் எல்லாவற்றையும், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, வரிசை மாறாமல் பாடினேன். என் குரலில் அந்தப் பாட்டுகளை முழுதாகக் கேட்ட வெளியாட்கள் அவர்கள் மட்டும்தான். ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கியிருக்காது.

இரண்டாவது, அப்பா வந்தது. கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிராம சேவகரிடம் என்னைப் பற்றிய நற்சான்றுக் கடிதம் இருந்தது. அப்பாவிடம் பிளாஸ்ரிக் உறை இருந்தது. அதை அவர் வெளியே எடுத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேச அனுமதி இல்லை.

"ஐயா, எங்கட குடும்பத்தில முதல் படிச்ச புள்ள இவன்தான் ஐயா" என்றார் அப்பா. "கெட்ட வழிக்குப் போறவன் படிப்பானா? பாருங்க ஐயா." விரலை எடுத்துச் சரியாக அந்த எழுத்தில் வைத்தார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். பாடத்தின் பெயர் என்னவென்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். பௌதிகவியல் என்றதும் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"நீயா செய்தது?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்கு முன் அப்பா முந்திக்கொண்டார். "அவன் எல்லாம் செய்வான் ஐயா! ரேடியோ, லைட்டு, என்ன குடுத்தாலும் செய்வான். மூளைசாலி."

அந்தத் தாளின் பிரதி ஒன்றும் மேலே போனது. அதற்குப் பிறகு கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. வேறு யாருக்குச் செய்து கொடுத்தாய், யார் பழக்கியது, எங்கே பழகினாய். பள்ளிக்கூடத்தில் என்றால் அடி. கிராம சேவகரின் கடிதத்தோடு விட்டிருக்கக்கூடும், இது நாட்களை மாதங்கள் ஆக்கிவிட்டது. கடைசியில் என்னை விட்டபோது ஏன் விட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அப்பா வாசலில் நின்றார், கையில் அதே உறை. "படிப்புத்தான் மனே உன்னக் காப்பாத்தின" என்றார். நான் ஓம் என்றேன். இன்றும் அவர் அப்படித்தான் நம்புகிறார்.

கசற் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

பட்டறைக்குப் போனேன். கிற்றார்காரன் கதவுப் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சீவுளியை வைத்துவிட்டு எழும்பினான், கட்டிப்பிடிக்க வந்தான், பாதியில் நின்றுவிட்டான்.

"மெலிஞ்சி போனாய்டா."

"ம்."

"நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா நாலு பேரும் உள்ள போயிருப்பம்."

"தெரியும்."

"ஸ்ரூடியோக்காரன் வேற நாள் தரமாட்டன் எண்டுட்டான். திரும்பி வருவமா எண்டும் பாத்தம். வந்து என்ன செய்யிற? மறுகா யோசிச்சம், பாட்டாவது வரட்டும் எண்டு."

"ஆர் பாடின?"

"நான்தான்."

"நீ எப்ப பாடின நீ? தேவாரம்கூடப் பாடமாட்டாய்."

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன்டா, தேவாரத்துக்கு எங்க போற" என்று சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "உன்ன மாதிரித்தான் பாடினன். நீ மூச்செடுக்கிற இடத்தில மூச்செடுத்து, நீ இழுக்கிற மாதிரி இழுத்து. உங்கட ஊர்ப்பக்கம் சொல்லுற மாதிரியே சொல்லி. வேற மாதிரிப் பாட எனக்கு ஏலாமப் போச்சி."

கசற்றை எடுத்துத் தந்தான். அட்டையில் மூன்று பெயர்கள். பாடல் வரிகள் யாருடையவை என்ற இடமே அட்டையில் இல்லை.

"நீ உள்ள இரிக்கக்குள்ள உன்ர பேரப் போட்டா ஆபத்து எண்டு நினைச்சம்."

"ஆருக்கு?"

அவன் சீவுளியை எடுத்து, இழைத்து முடிந்த பலகையைத் திரும்பவும் இழைக்கத் தொடங்கினான்.

அவனை வெறுக்க எனக்கு நியாயம் போதாது. நான் அவனிடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் வெறுப்பு குறைந்துவிடவில்லை, போய் இருக்க இடம் இல்லாமல் எனக்குள்ளேயே கிடக்கிறது. பட்டறையில் வைத்தே ஒரு தடவை கசற்றைக் கேட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஸ்ரூடியோவில் இருந்த யப்பான் கருவி என் பெட்டியின் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. இரண்டாவது பாட்டில், நான் எப்போதும் கொஞ்சம் பிந்தி எடுக்கும் ஒரு சொல்லை, அவனும் அதே அளவு பிந்தி எடுத்திருந்தான்.

எங்கள் கரைக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. ஊரில் ரேடியோ கேட்பவர்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் கையால் மிதியைச் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். கசற் வந்துவிட்டது என்று அறிந்த அன்று பின்னேரம் அப்பா அயல்வீட்டிலிருந்து கசற் பெட்டியை இரவல் வாங்கி வந்தார். சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்தார்.

"நான் சுத்திறன் அப்பா, நீங்க கேளுங்க."

"நீ விடு. காம்பில கிடந்து வந்த உடம்பு. நானே சுத்திக் கேக்கிறன்."

சுற்றினார். கிற்றார் உறுமியது. அப்பா புருவத்தை உயர்த்தி, "நல்ல சத்தம்தான்" என்றார். பிறகு பாட்டு தொடங்கியது. அவர் கை சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து கேட்டார். முதல் பாட்டு முடிந்தது.

"மனே."

"ஓம் அப்பா."

"உன்னப் போலத்தான் இரிக்கு." இன்னும் கொஞ்சம் கேட்டார். "ஆனா நீயில்லயே இது."

அட்டையை அவரால் வாசிக்க முடியாது. நான் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார், குரலைத் தவிர. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று தொடங்கினால் அது என் தகரப் பெட்டியில் போய், பெட்டியிலிருந்து அந்தத் தாளில் போய், அவருடைய விரலில் முடியும்.

"நான்தான் அப்பா. டைனமோவில ஓடக்குள்ள குரல் மாறும். வேகம் கூடினா ஒரு மாதிரி, குறைஞ்சா ஒரு மாதிரி."

"அப்படியா?" அவர் முகம் தெளிந்தது. "அதான் பாத்தன்."

வேகத்தைக் கூட்டினார். பாட்டு கீச்சென்று உயர்ந்தது. தலையை ஆட்டிவிட்டுக் குறைத்தார். குரல் தடித்தது, டிரம்ஸ் சேற்றில் கால் வைப்பது போல விழுந்தது. இன்னும் குறைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வயலில் மடை திறந்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பவர் போல, மிதியை அங்குலம் அங்குலமாகச் சுற்றி என்னைத் தேடினார்.

"இப்ப நீயா?"

"கிட்ட வந்திட்டு" என்றேன். "இன்னும் கொஞ்சம் மெதுவா சுத்துங்க அப்பா."